"தொழில்: இல்லத்தரசி" – ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பல்லுயிர்ப் பதிவேட்டைத் திருத்திய நிகழ்வு

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊரில் 2022 ஆகஸ்ட் தொடங்கி 2023 நவம்பர் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று ஊர்க் கூட்டத்திலேயே முடிவானது, அதனால் போடவில்லை. பதிவேட்டைத் திருத்த உதவிய நான்கு பேரில் நானும் ஒருவன். எங்கள் கையால் நடந்த தவறுகளையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன், இதே வேலையில் இறங்குகிற மற்றவர்களுக்கு அவைதான் அதிகம் உதவும்.

பின்னணி

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள உயிரினங்களையும் அவற்றைப் பற்றி ஊராருக்குத் தெரிந்ததையும் எழுதி வைப்பது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஊர் மக்களைக் கலந்துகொண்டு அதைத் தயாரிப்பது அந்தக் குழுவின் முதல் வேலை. நாடு முழுக்க இந்த வேலை பல வருடம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-க்குள் முடிக்கச் சொன்னது, தவறினால் மாநிலங்கள் மாதத்துக்கு 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகு எல்லா இடத்திலும் ஓட்டமும் நடையுமாகப் பதிவேடுகள் எழுதப்பட்டன.

இந்த ஊர்ப் பதிவேடும் அந்த அவசரத்தில் பிறந்ததுதான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் சில நாளில் எழுதி முடித்துவிட்டார்கள். இரண்டு வருடம் அது பஞ்சாயத்து அலுவலக பீரோவில் இருந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வேறு ஏதோ சான்றிதழுக்காகப் போனபோது அதைப் பார்த்து, நான்கைந்து பக்கங்களை போனில் படம் எடுத்து வந்தாள். அவள் அம்மா முப்பது வருடமாகக் கடலில் பாசி எடுப்பவர். பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே "தொழில்: இல்லத்தரசி" என்று இருந்தது.

இன்னொரு பக்கத்தில் கடற்பாசிகள். நான்கு வரிசையில் நான்கு அறிவியல் பெயர்கள் சரியாக இருந்தன. பக்கத்தில் "உள்ளூர்ப் பெயர்" என்ற கட்டத்தில் நான்கு வரிசைக்கும் ஒரே சொல்தான்: கடற்பாசி. அந்த ஊரில் எட்டு வயதுப் பிள்ளையைக் கேட்டால்கூட மரிக்கொழுந்து வேறு, கஞ்சிப்பாசி வேறு, கட்டக்கோரை வேறு, பக்கோடாப் பாசி வேறு என்று கையில் எடுத்துக் காட்டும்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று தோன்றலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியது. இந்த ஊர்ப் பெண்களுக்குப் பாசி மூட்டை பறிபோனதும் அபராதம் கட்டியதும் பழகிப்போன விஷயங்கள். "நீங்கள் யார், இங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் எடுத்து நீட்ட ஒரு காகிதம் கிடையாது. இருந்த ஒரே காகிதமும் அவர்களை வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தது.

பழைய ஏடுகளில் யார் இருந்தார்கள்

திருத்த வேலைக்கு முன்னால், பழைய ஆவணங்களில் இந்தப் பெண்களைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று தேடினோம். அந்தத் தேடலைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கடற்கரையைப் பற்றி எழுத்து நிறையவே இருக்கிறது. போர்ச்சுகீசியர் வந்தார்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கூட்டமாக மதம் மாறினார்கள். மண்டபம் பக்கத்து வேதாளைக் கரையில் 1538-ல் கடற்சண்டையே நடந்தது. 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது, 1825-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சேதுபதிகளின் ராஜ்யம் 1803-ல் ஜமீனாகச் சுருங்கியது. யார் வந்தாலும் முத்தும் சங்கும் ஆளுகிறவன் சொத்து, முங்கி எடுக்கிறவனுக்குக் கூலியோ பங்கோ. எத்தனை சங்கு, எத்தனை முத்துச்சிப்பி, எத்தனை படகு என்று கணக்குகள் மிகத் துல்லியமாக இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இந்தக் கடலின் முத்து, சங்கு, பவளத்தைப் பற்றி எழுதினார். மனிதர்களின் மூக்கை அளவெடுத்துச் சாதிவாரியாக அட்டவணை போட்டவரும் அவரேதான். சங்கை அளந்த அதே முறையில் ஆட்களையும் அளந்து வைத்தார்கள்.

நாங்கள் புரட்டிய ஏடுகளில் முங்குகிற ஆண் உண்டு, தலைவன் உண்டு, குத்தகைதாரர் உண்டு. பெண்ணைக் காணோம். தீவுக்குப் போய்ச் சிப்பி பொறுக்கியவர், விறகு கட்டி வந்தவர், நண்டு பிடித்தவர் யாரும் வரியோ குத்தகையோ கட்டவில்லை, கணக்குப் பிள்ளை கண்ணில் படவும் இல்லை. 2020 பதிவேட்டின் "இல்லத்தரசி" திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தக் கட்டத்தில் அவர்கள் என்றைக்குமே இருந்ததில்லை.

முதல் கூட்டமும் எங்கள் தவறும்

2022 செப்டம்பரில் முதல் கூட்டம். தென்கடல் கச்சான் காற்றில் கொந்தளித்துக்கொண்டிருந்தது, ஆட்கள் கரையில் இருந்தார்கள். முப்பது பெண்கள் வந்திருப்பார்கள். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் மூன்று பேரும் உண்டு. சாதியும் ஒன்றல்ல. அரசுக் காகிதத்தில் மூன்று நான்கு பட்டியலில் பிரிந்து கிடப்பவர்கள், கடலில் ஒரே வல்லத்தில் போகிறவர்கள்.

எங்களோடு வந்த ஓர் இளைஞர், பதிவேட்டின் தலைப்பில் "கடல் பழங்குடியினர்" என்று போட வேண்டும் என்றார். உணர்ச்சியோடு பேசினார், காரணமும் சொன்னார். 2007-ல் ஐ.நா. பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்தை இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது, ஆனால் விடுதலைக்குப் பிறகு இந்தியர் எல்லாருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள்தான் என்றும் சொன்னது. அப்படியென்றால் இந்தப் பெண்களும் அதற்குள் வந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒரு நடுவயது அக்கா கேட்டார்: "பழங்குடின்னு எழுதுனா பாசி எடுக்க விட்ருவாகளா தம்பி?"

அவரிடம் பதில் இல்லை. பழங்குடிப் பட்டியல் என்பது அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவின் கீழ் வருவது. மீனவச் சமூகங்களை அதில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை தமிழ்நாட்டில் பல காலமாக இருந்தும் நடக்கவில்லை. நாங்கள் ஒரு தலைப்பைப் போடுவதால் அது நடக்காது. அந்தக் கேள்வியை அன்றைக்குத் தள்ளிவைத்தோம்.

பெரிய தவறு மறுவாரம் நடந்தது, அதைச் செய்தவன் நான். தீவுக்குள் இறங்க எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் கஞ்சிப்பாசி எடுக்கும் இடத்துக்குப் போனோம். அந்த அக்கா சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, கண்ணுக்கு முங்குக் கண்ணாடி, இடுப்பில் நைலான் வலைப்பை என்று நின்றார். சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக வெட்டி விரல்களில் மாட்டியிருந்தார், பார் (கடலடிப் பாறைத் திட்டு) கிழிக்காமல் இருக்க. எனக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, சட்டையும் கண்ணாடியும் இல்லாம ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? பாரம்பரியமா இருக்கும்" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. சட்டையைக் கழற்றி வல்லத்தில் போட்டார், ட்யூப் வளையங்களை உருவி முந்தியில் முடிந்துகொண்டார். நான் படம் எடுத்தேன். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா, எண்பது தாண்டியவர், நான் மேலே ஏறி வந்ததும் சொன்னார்: "எங்க ஆத்தா காலத்துல சட்டை இல்ல, வெரலு பூராம் புண்ணு. அவ இருந்திருந்தா மொத ஆளா மாட்டியிருப்பா. இவள எதுக்கு அப்பு வேசங்கட்டச் சொன்ன?"

எனக்கு முகத்தை நிமிர்த்த முடியவில்லை. பிரிட்டிஷ் அரசு 1868-லிருந்து 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட "இந்திய மக்கள்" புகைப்பட வரிசையில் ஒவ்வொரு சாதிக்கும் குலத்துக்கும் அடையாளமாக ஆட்களை நிறுத்திப் படம் எடுத்திருப்பார்கள். அதைப் படித்து ஆத்திரப்பட்டவன் நான். அந்தப் படப்பெட்டிக்குப் பின்னால் நின்றவர் செய்ததைத்தான் நானும் செய்தேன். அன்று சாயங்காலமே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் கண் முன்னால் படத்தை அழித்தேன்.

பழமையை எப்படி எழுதுவது என்ற முடிவு

இந்தச் சம்பவம் அடுத்த பெரிய முடிவுக்கு நேராக வழிவிட்டது. உதவிக்கு வந்த வழக்கறிஞர் ஒருவர், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் ஊர் சமூக உரிமை கேட்டு மனுப் போடலாம் என்றார். தேசியப் பூங்காவும் அந்தச் சட்டத்தின் "வன நிலம்" என்ற சொல்லுக்குள் வருகிறது. மீன் முதலிய நீர்நிலைப் பொருள்களை எடுக்கும் சமூக உரிமையும் அதில் இருக்கிறது. ஆனால் பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன்பே மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டாக அங்கே வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்தவர்கள் என்று காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930.

இங்கேதான் சிக்கல். பாசி வியாபாரம் அவ்வளவு பழையது இல்லை. பாசியிலிருந்து அகர் அகர் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்கும் கம்பெனிகள் வாங்க ஆரம்பித்த பிறகுதான் பெண்கள் பாசிக்குப் போகத் தொடங்கினார்கள், அது 1960-களில். வயதானவர்கள் எல்லாரும் "புயலுக்கு அப்புறம்" என்றே சொன்னார்கள். புயல் என்றால் இங்கே ஒரே புயல்தான்: தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல்.

"முந்நூறு வருசமா பாசி எடுக்குறோம்னு போட்ருங்க, யாரு கேக்கப் போறா?" என்று உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். எங்களில் இரண்டு பேர் அதற்குத் தலையாட்டினார்கள். நல்ல நோக்கம்தானே என்று அவர்களுக்குப் பட்டது. நான் கூடாது என்றேன், அந்தக் கல்லூரிப் பெண்ணும் கூடாது என்றாள். பாசி வியாபாரம் எப்போது தொடங்கியது என்பது ஆய்வு நிலையங்களின் அறிக்கைகளிலேயே இருக்கிறது. மண்டபத்தில் 1940-களின் கடைசியிலிருந்து கடல் மீன்வள ஆராய்ச்சி நடக்கிறது. எதிர்த்தரப்பு ஒரே ஒரு தாளை நீட்டினால் மனு முழுதும் பொய்யாகிவிடும். அதைவிட எனக்கு உறுத்தியது, மறுபடியும் அவர்களை வேஷம் கட்டச் சொல்கிறோம் என்பது. சட்டையைக் கழற்றச் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அப்போது ஆத்தாவே வழியைத் திறந்தார். "பாசி பின்னால வந்துச்சு. தீவுக்குப் போறது பின்னாலயா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, தன் தாயைப் பற்றிச் சொன்னார். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய வருடம் பிறந்தவர் அந்தத் தாய், அதாவது 1914. கல்யாணத்துக்கு முன்பே, பத்துப் பன்னிரண்டு வயதில், தன் தாயோடு சேர்ந்து தீவுக்குப் போய்ச் சுண்ணாம்புச் சூளைக்குச் சிப்பி பொறுக்கியிருக்கிறார். விறகு, நண்டு, பாரில் ஒட்டிய மட்டி எல்லாம் எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கே நல்லதாக ஊறும் என்று தெரிந்து தோண்டிக் குடித்திருக்கிறார்கள். 1920-களின் நடுவிலேயே இரண்டு தலைமுறைப் பெண்கள் தீவில் வேலை செய்திருக்கிறார்கள் என்று ஆகிறது. வன உரிமை விதிகளில் மூத்தோர் வாய்மொழியை எழுதி வாங்கிச் சான்றாக வைக்க இடம் இருக்கிறது.

எனவே இப்படி முடிவெடுத்தோம்: தீவோடும் பாரோடும் உள்ள உறவு பழையது, பாசி அதில் புதிதாகச் சேர்ந்த தொழில், இரண்டையும் உள்ளபடி எழுதுவது. எது எப்போது வந்தது, ஏன் வந்தது, சட்டையும் கண்ணாடியும் எப்போது வந்தன என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறின. 2022 டிசம்பரிலிருந்து நான்கு மாதத்தில் ஒன்பது மூத்த பெண்களின் வாய்மொழியை எழுதினோம். தேதி கேட்டால் வராது. பாலம் வந்தது, புயல் அடித்தது, சிலோன் கப்பல் நின்றது என்று கேட்டால் வரிசையாக வந்தது.

எழுதாமல் விட்டது

பாசி விளையும் பார்களுக்கு ஊரில் தனித்தனிப் பெயர் உண்டு. கரையிலுள்ள கோபுரத்தையும் பனைக் கூட்டத்தையும் தீவின் மூலையையும் நேர்கோட்டில் வைத்து இடத்தைப் பிடிப்பார்கள். இதையெல்லாம் வரைபடத்தோடு பதிய வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டோம். அறிவின் அழகு அதில்தானே இருக்கிறது.

பெண்கள் வேண்டாம் என்றார்கள். பதிவேடு வெளியாள் கையிலும் போய்ச் சேரலாம். பாரின் இடம் தெரிந்தால் வெளியூர் வியாபாரி ஆள் வைத்து வேரோடு அள்ளுவான், மூட்டையைப் பறிக்க வருகிறவர்களும் எங்கே காத்திருப்பது என்று தெரிந்துகொள்வார்கள். இரண்டு பயமும் நியாயமானவை. எங்களில் ஒருவர் "அறிவியலுக்கு இழப்பு" என்று வாதாடினார், ஊர் ஏற்கவில்லை. ஏற்கெனவே எழுதியிருந்த பதினொரு பார்ப் பெயர்களை அடித்துவிட்டு, அந்தக் குறிப்பேட்டையும் அவர்களிடமே கொடுத்துவிட்டோம்.

ஆனால் அவர்களாகவே எழுதச் சொன்ன ஒரு பகுதி உண்டு, அவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியும் கிடையாது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான். அக்கா ஒரு மரிக்கொழுந்துக் கொத்தை என் உள்ளங்கையில் வைத்து, கல்லைப் பிடித்திருக்கும் அடியை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு மேலே மட்டும் கிள்ளிக் காட்டினார். மிச்சம் விட்ட அளவு அரை விரல்கடை இருக்கும். "இத விட்டாத்தான் அடுத்த பாட்டுக்கு வரும்" என்றார். அந்த அரை விரல்கடையைப் பதிவேட்டில் படமாக வரைந்து வைத்தோம்.

பிறகு நடந்தது

2023 மே மாதம் திருத்திய பதிவேட்டை ஊரில் வாசித்துக் காட்டினோம். வாசிப்பு இரண்டு சாயங்காலம் போனது. பதினேழு திருத்தம் சொன்னார்கள், பெரும்பாலும் சொற்கள். "நீங்கள் யார்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்ற பழைய கேள்வி திரும்பவும் வந்தது. நெடுநேரம் பேசிய பிறகு "பாசிக்குப் போறவுக" என்று எழுதச் சொன்னார்கள், பேசுகிற மாதிரியே. அதன் கீழே ஒரு வரி: எங்கள் தாயும் அவர் தாயும் இந்தத் தீவுகளில் வேலை செய்தவர்கள். "கடல் பழங்குடி" என்ற சொல்லைக் கொண்டுவந்த இளைஞருக்கு மனம் ஆறவில்லை. அவர் சொன்னதை அடியோடு தள்ளவும் எனக்கு மனமில்லை. பட்டியலில் இடம் கேட்கும் போராட்டம் வேறு மேடையில் நடக்க வேண்டியது, நடக்கட்டும்.

பதிவேட்டைப் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஏற்றுக்கொண்டது. அந்தக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அதுவரை பேருக்கு இருந்த இரண்டு இடங்களுக்கும் பாசிக்குப் போகும் பெண்கள் இருவர் வந்தார்கள். ராமநாதபுரக் கடற்பாசியை ஏற்றுமதி செய்ததற்காக ஒரு குளிர்பான நிறுவனம் தேசிய பல்லுயிர் ஆணையத்துக்குப் பலன் பங்குத் தொகை (உயிர்வளத்தை வைத்துச் சம்பாதிப்பவர் அதற்காகக் கொடுக்கும் பங்கு) கட்டிய கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பாசிக்கு அப்படி வந்தால் யாரிடம் கேட்பது என்பதுதான் முதல் கூட்டத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி.

ஆகஸ்டில் கிராம சபையில் சமூக உரிமை மனு வைக்கப்பட்டு, தீர்மானத்தோடு கோட்ட அளவிலான குழுவுக்குப் போனது. 2023 நவம்பர் வரை விசாரணைக்கு அழைப்பு வரவில்லை. அதே காலத்தில் ஒரு முறை மூட்டை பறிபோனது. பெண்கள் பதிவேட்டின் நகலைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மூட்டை திரும்ப வரவில்லை, அபராதம் மட்டும் எழுதப்படவில்லை.

கிராம சபை அன்று நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆத்தா தன் வாய்மொழித் தாளில் கைநாட்டு வைக்க வந்தார். மை ஒட்டியது, ரேகை விழவில்லை. மூன்று முறை அழுத்திப் பார்த்தார்கள், மூன்றும் வெறும் நீல வட்டம். பாரில் தேய்ந்த விரல். ரேஷன் கடை இயந்திரத்திலும் அவருக்கு இதே பாடுதானாம். கடைசியில் அந்த வட்டத்தின் பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

படப்பெட்டியையும் படிவத்தையும் முதல் மாதம் எடுத்தே போக மாட்டோம். நாங்கள் கேட்ட முதல் கேள்விகள் எல்லாம் படிவத்தின் கேள்விகள், பதில்களும் அதற்கு ஏற்பச் சுருங்கித்தான் வந்தன.

எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே ஊரோடு பேசி முடித்திருக்க வேண்டும். பார்ப் பெயர்களை எழுதிவிட்டு அடித்தது சரியான முறை இல்லை. அந்தக் குறிப்பேடு ஐந்து மாதம் எங்கள் பையில் இருந்தது, தொலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பு வருகிறது.

வாய்மொழி எடுக்கும் வேலையை அந்தக் கல்லூரிப் பெண்ணையும் அவள் தோழிகளையும் கொண்டே தொடக்கத்திலிருந்து செய்திருக்கலாம். நாங்கள் கேட்டபோது ஆத்தாக்கள் பாதி செந்தமிழில் பேச முயன்று திணறினார்கள். பேத்திகள் கேட்டபோது பேச்சு நிற்கவே இல்லை. ஒன்பதில் கடைசி நான்கை அந்தப் பெண்கள்தான் எழுதினார்கள், அந்த நான்கும்தான் வளமானவை. நாங்கள் எடுத்த முதல் ஐந்தில் ஒருவர் 2023 ஜூலையில் இறந்துவிட்டார், அவரிடம் திரும்பப் போய்க் கேட்க வழியில்லை.

படம் விஷயத்தில் கடைசியாக ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அது பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. முழுக்கைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட முங்குக் கண்ணாடி, பத்து விரலிலும் ட்யூப் வளையம். எடுத்தது அக்காவின் மகள்.